டிஸ்க் எண்டோஸ்கோப்பி: ஆள் பேசும் அளவுக்கு மட்டும் மயக்கம்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நர்சிங் ஹோம்களில் கேஸுக்குக் கூப்பிட்டால் போய் மயக்க மருந்து கொடுத்துவிட்டு வருவது என் தொழில். ஒரு நாள் தஞ்சாவூர், இன்னொரு நாள் மன்னார்குடி. சொந்தத் தியேட்டர் கிடையாது. அந்தந்த இடத்தில் இருக்கும் சாமான்களோடுதான் பிழைப்பு. இடுப்புக்குப் பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு, பென்சில் பருமன் குழாய் ஒன்றைச் செலுத்தி, பிதுங்கிய டிஸ்கை எடுக்கும் எண்டோஸ்கோப்பி இப்போது நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. அதற்கு அரைமயக்கம் கொடுப்பது எப்படி என்று புதிதாக வரும் மயக்கவியல் டாக்டர்களும் தியேட்டர் டெக்னீஷியன்களும் ஸ்டாஃப் நர்ஸ்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். இதில் வரும் மருந்தளவுகள் மூச்சுக்குழாய் போடத் தெரிந்த கைகளுக்கு மட்டும். சர்ஜனே நடுவில் ஒரு ஊசி மிடாசோலம் (தூக்க மருந்து) போட்டுக்கொள்ளட்டும், தனியாக ஆள் எதற்கு என்று கேட்கிற இடத்துக்கு நான் போவதில்லை. நீங்களும் போகாதீர்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது டோஸ். அது பிறகு வரட்டும். ஏன் முழு மயக்கம் வேண்டாம் என்பது மனதில் நின்றால்தான் டோஸ் கைக்குள் நிற்கும்.

பக்கவாட்டு வழியில் குழாய் போகிற இடத்துக்குக் காம்பின் முக்கோணம் என்று பெயர்; பார்விஸ் காம்பின் என்ற சர்ஜன் விவரித்த இடைவெளி. அதன் சாய்ந்த பக்கமாக ஓடுவது, அந்த மட்டத்தில் தண்டுவடத்திலிருந்து வெளியேறும் நரம்பு வேர். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்பு, அதாவது எல்-4, எல்-5 நடுவில் வேலை என்றால் வெளியேறுவது எல்-4 வேர். உள்பக்கமாகக் கீழே இறங்கிப் போவது எல்-5 வேர். குழாய் கொஞ்சம் மேலே ஏறினால் எல்-4 நசுங்கும். பெரிய நகரங்களில் நரம்பின் மின்னோட்டத்தைப் பார்க்க மெஷின் வைத்திருப்பார்கள். நம் தியேட்டர்களில் பெரும்பாலும் அது இல்லை. குப்புறப் படுத்திருக்கும் ஆளின் வாய்தான் இருக்கிறது. அந்த வாயை மருந்தால் மூடிவிட்டால், நரம்பு நசுங்குவது சாயங்காலம் பாதம் தூக்க வராதபோதுதான் தெரியும்.

அதனால் இலக்கு இதுதான்: சாதாரணக் குரலில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வர வேண்டும். கூப்பிடாவிட்டால் கண்ணயரலாம், தப்பில்லை. மயக்கத்தின் ஆழத்தை அளக்க 1974-இல் வந்த ராம்சே அளவுகோலில் இது 2-க்கும் 3-க்கும் நடுவே. 4-க்குப் போய்விட்டால், அதாவது நெற்றியைத் தட்டியோ சத்தமாகக் கூப்பிட்டோதான் எழுப்ப முடிகிறது என்றால், மருந்தை நிறுத்திவிட்டு சர்ஜனிடம் "செத்த இருங்க" என்று சொல்லுங்கள்.

முந்தின நாள்

இந்தக் கேஸில் பாதி மயக்கம் முந்தின நாள் சாயங்காலம் பேச்சிலேயே கொடுக்கப்படுகிறது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுங்கள். நின்றுகொண்டு பேசினால் "சரிங்க, சரிங்க" என்பார்கள். ஒன்றும் காதில் ஏறாது.

என்னிடம் வருகிறவர்களில் நாற்று நடுகிற பெண்கள் அதிகம். குனிந்த முதுகோடு வருஷக்கணக்காக வேலை. மேட்டூர் திறந்து குறுவை தொடங்கினால் வரமாட்டார்கள். சம்பா அறுவடை முடிந்த பிறகுதான், தையிலும் மாசியிலும், காலை இழுத்துக்கொண்டு வருவார்கள். இவர்களிடம் எனக்கு ஒரே பயம்: வலியைச் சொல்லவே மாட்டார்கள். "பொறுத்துக்கறேங்க டாக்டரம்மா" என்பதுதான் முதல் வார்த்தை. ஊரில் அது நல்ல குணம். தியேட்டரில் அது ஆபத்து. அதனால் நான் இப்படிச் சொல்லுவேன்: "அம்மா, நாளைக்கு நீங்க பொறுத்துக்கக் கூடாது. காலுல சுள்ளுன்னு ஒண்ணு ஓடினா உடனே வாயால சொல்லணும். உடம்ப மட்டும் அசைக்கக் கூடாது. நீங்க சொன்னாத்தான் டாக்டருக்கு நரம்பு எங்க இருக்குன்னு தெரியும்." இதை அவர்களையே திருப்பிச் சொல்ல வைப்பேன். கூட இருக்கும் மகளோ மருமகளோ கேட்டுக்கொண்டிருந்தால் ராத்திரி இன்னொரு தடவை அவர்களே நினைவுபடுத்திவிடுவார்கள்.

அப்புறம், பழைய வலி எங்கே ஓடுகிறது என்று அவர்கள் விரலாலேயே காலில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வெளிப்பக்கமாக இறங்கிக் கட்டை விரல் வரைக்குமா, தொடை முன்பக்கமா? அதைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டை விரலை மேலே தூக்கும் பலம் எவ்வளவு என்பதையும் இரண்டு காலிலும் பார்த்து எழுதுங்கள். நாளைக்கு இந்த இரண்டு வரிதான் உங்களுக்கு வரைபடம்.

பட்டினி விஷயத்தில் கறாராக இருங்கள். கெட்டியான சாப்பாடு, எண்ணெய்ப் பண்டம் என்றால் 8 மணி நேரம். இட்லி மாதிரி லேசானது என்றால் 6. வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை. நம் ஊரில் சிக்கல் காபியில்தான். கும்பகோணத்துக்காரருக்கு விடிகாலை டிகிரி காபி சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. "ஒண்ணும் சாப்பிடலீங்க, வெறும் காபிதான்" என்பார்கள். பால் சேர்ந்தால் அது 6 மணி நேரக் கணக்கு. எனவே "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காதீர்கள், "காபி எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். வெற்றிலைச் சீவல் போடுகிறவர்களுக்குக் காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். கடைவாயில் அடக்கி வைத்த புகையிலை, ஆடும் பல், கழற்றாத பல்செட் எல்லாம் குப்புறப் படுத்தபின் தொண்டைக்குப் போகக்கூடியவை.

மாத்திரைப் பட்டியலில் மூன்றைத் தனியாகத் தேடுங்கள். ஒன்று, கால் வலிக்காக ஏற்கெனவே ப்ரிகாபாலின் ஓடிக்கொண்டிருக்கும். நாம் போடும் வலி மருந்து ஃபென்டனிலோடு சேர்ந்தால் வயதானவர்களுக்கு மூச்சு மந்தமாகும். இரண்டு, பிபிக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி மாத்திரை. அரைமயக்க மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் போட்டதும் நாடி 40-க்கு இறங்குவது பெரும்பாலும் இவர்களிடம்தான். அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, லோடிங் டோஸை, அதாவது தொடக்கத்தில் போடும் அளவைக் குறையுங்கள். மூன்று, சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை இருந்தால் 3 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். தினசரி குடிக்கும் ஆண்களிடம் மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து அளவைக் கேளுங்கள். இவர்களுக்கு மிடாசோலம் சரியாக வேலை செய்யாது. சில சமயம் நேர்மாறாகத் திமிறவும் வைக்கும்.

யாருக்கு இந்த முறையே வேண்டாம்? கழுத்துப் பருத்து, ராத்திரி குறட்டை நடுவில் மூச்சு நின்று போகிற ஆள். அரை மணி நேரம்கூடக் குப்புறப் படுக்க முடியாத ஆள். சொன்னதைப் புரிந்து பதில் சொல்ல முடியாத ஆள். "எனக்கு ஒண்ணும் தெரியவே கூடாது" என்று பிடிவாதமாக நிற்கிற ஆள். வார்டிலேயே கட்டிலில் குப்புறப் படுக்க வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பின்பக்க வழியாகப் போகும் எண்டோஸ்கோப்பிக்கும், ஸ்க்ரூ போடுகிற வேலைக்கும் பெரும்பாலும் முழு மயக்கமோ ஸ்பைனலோதான்; அது வேறு கதை.

தியேட்டரில் ஏறு முன்

மருந்தை உறிஞ்சும் முன்பு நான்கு பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்: ஓடுகிற சக்‌ஷன், பை-மாஸ்க், அந்த ஆளின் அளவுக்கு எல்எம்ஏ (தொண்டையில் வைக்கும் மூச்சு மாஸ்க்), காலியான ஸ்ட்ரெச்சர். ஸ்ட்ரெச்சரை வெளியே வராண்டாவில் தள்ளிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஆளைத் திருப்பிப் போட வேண்டி வந்தால் அதுதான் கட்டில். தியேட்டருக்கு உள்ளேயே சுவர் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

மூச்சின் அலையைக் காட்டும் கேப்னோகிராஃப் இல்லாமல் இதை நான் செய்வதில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பிந்திச் சொல்லும் கருவி. மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்றாலும் அது சில நிமிடம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடின் அலை அடுத்த மூச்சிலேயே படுத்துவிடும். மிதமான மயக்கத்துக்கும் இது வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியலார் சங்கம் 2011 முதல் சொல்கிறது. பழைய தியேட்டரில் கருவி இல்லாவிட்டால் கையடக்கமானது ஒன்று என் பெட்டியில் இருக்கும். மூக்குக் குழாய் வழியாக எடுக்கும்போது எண்ணை அப்படியே நம்பாதீர்கள், ஆக்சிஜன் கலந்து குறைத்துக் காட்டும். அலையின் வடிவத்தையும் நிமிடத்துக்கு எத்தனை என்பதையும் பாருங்கள்.

சிரிஞ்ச் பம்பின் பாட்டரியை, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். 2018-இல் கஜா புயல் அடித்துப்போட்ட வாரங்களில் ஜெனரேட்டரை நம்பி ஓட்டிய பழக்கம், எனக்கு இன்னும் போகவில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த நொடிகளில் பாட்டரி செத்த பம்ப் சத்தமில்லாமல் நின்றுவிடும். திரும்ப வரும்போது சில மாடல் பழைய வேகத்தை மறந்துவிடும்.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். சாதாரண விஷயமாகத் தெரியும். பின்னால் வருகிறேன்.

ஆளைத் தானாகவே ஏறிக் குப்புறப் படுக்க விடுவது இந்த முறையில் உள்ள வசதி. எங்கே அழுத்துகிறது என்று அவரே சொல்லிவிடுவார். நெஞ்சுக்கும் இடுப்பெலும்புக்கும் கீழே திண்டு; வயிறு தொங்கலாக இருக்க வேண்டும். வயிறு அமுங்கினால் மூச்சும் முட்டும், முதுகுக்குள் ரத்தக் குழாய்கள் புடைத்து சர்ஜனுக்குக் காட்சியும் மங்கும். கைகள் தலைக்கு மேல், தோளிலிருந்து 90 டிகிரிக்கு உள்ளே. முகம் ஒரு பக்கமாக, என்னைப் பார்த்து. கண் தலையணையில் அமுங்கக் கூடாது. பெண்களுக்கு மார்பு, ஆண்களுக்கு விதைப்பை நசுங்காமல் பார்க்க வேண்டும்; கேட்கக் கூச்சப்படாதீர்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்களுக்கு அதைப் பின்பக்கம் போகாமல் தோளோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிடுவேன். சி-ஆர்ம் எக்ஸ்ரே படத்திலும் வராது, மனசும் ஆறும்.

மயக்க டாக்டரின் இடம் தலைமாட்டில், ஆளின் கண்மட்டத்தில். லெட் ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் மாட்டிக்கொண்டு குட்டை ஸ்டூலில் உட்காருங்கள். ஒரு கை அவர் கையில் இருக்கட்டும்.

மருந்து

எனக்குப் பழகியது டெக்ஸ்மெடிடோமிடின். தூங்க வைக்கும், கூப்பிட்டால் எழுப்பும், மூச்சை அதிகம் தொடாது. 1 மி.லி.யில் 100 மைக்ரோகிராம் இருக்கும் குப்பியில் 2 மி.லி. எடுத்து, சலைன் 48 மி.லி. சேர்த்தால் 1 மி.லி.க்கு 4 மைக்ரோகிராம். சிரிஞ்சின் மேல் இதை எழுதி ஒட்டிவிடுங்கள்.

புத்தகத்தில் லோடிங் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், 10 நிமிடத்தில்; 65 வயது தாண்டினால் பாதி. நான் நடவு வேலை செய்து ஒட்டிப்போன உடம்புக்கு வயது எதுவானாலும் பாதியில்தான் தொடங்குவேன். 60 கிலோ ஆளுக்குக் கணக்கு: 30 மைக்ரோகிராம், அதாவது 7.5 மி.லி.; 10 நிமிடத்தில் போக பம்ப் மணிக்கு 45 மி.லி.யில் ஓட வேண்டும். முடிந்ததும் கிலோவுக்கு மணிக்கு 0.4 மைக்ரோகிராம் என்றால் 24 மைக்ரோகிராம், அதாவது மணிக்கு 6 மி.லி. இந்த 45-லிருந்து 6-க்கு இறக்கும் இடம்தான் கண்ணி. சரியாக அந்த நேரத்தில்தான் சி-ஆர்ம் உள்ளே வரும், சர்ஜன் ஏதாவது கேட்பார், போன் அடிக்கும். பம்பில் அளவு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் 7.5 மி.லி. ஆனதும் நிற்கும்படி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் 10 நிமிட அலாரம் வைத்து, அது அடிக்கும் வரை வேறு வேலையைத் தொடாதீர்கள்.

லோடிங்கைப் படுக்க வைத்த பிறகு தொடங்குங்கள். தொடங்கி 10 நிமிடம் கழித்துத்தான் வேலை செய்யும் என்பதால் சர்ஜன் கை கழுவப் போகும்போதே ஆரம்பித்தால் நேரம் ஒத்துவரும். வேகமாகப் போட்டால் முதலில் பிபி ஏறும், நாடி விழும். நாடி 45-க்குக் கீழே போய் பிபியும் இறங்கினால் பம்பை நிறுத்தி அட்ரோபின் 0.6 மி.கி.; பிபி மட்டும் என்றால் மெஃபென்டர்மின் 6 மி.கி. போதும். நாடி 50-இல் நின்று ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தால் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள்.

இது வலியை ஓரளவுதான் குறைக்கும். அதற்கு ஃபென்டனில் 100 மைக்ரோகிராம் ஆம்பூலை 10 மி.லி. ஆக்கி, தடவைக்கு 2 மி.லி., அதாவது 20 மைக்ரோகிராம். மிடாசோலம் வேண்டுமென்றால் 1 மி.கி., ஒரே தடவை. குறைந்தது 2 நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் பற்றி யோசிக்க வேண்டும். 70 தாண்டியவர்களுக்கு மிடாசோலம் எடுக்கவே மாட்டேன். ப்ரோபோஃபால் இந்தக் கேஸில் எனக்குப் பிடிக்காது. சிலர் சின்ன அளவில் அழகாகக் கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பேசுகிற நிலைக்கும் பேசாத நிலைக்கும் நடுவில் அதில் இடைவெளி ரொம்பக் குறைவு. அதுவும் முகம் கீழே இருக்கும்போது. ஃபென்டனிலை முறிக்கும் நலோக்சோனும், மிடாசோலத்தை முறிக்கும் ஃப்ளூமசெனிலும் உடைக்காமல் தட்டில் இருக்கட்டும்.

உண்மையான வலி மருந்து சர்ஜன் கையில் இருக்கும் லிக்னோகெய்ன்தான். தோல், சதை, பின்மூட்டின் மேல்தோல் எல்லாம் நன்றாக மரத்திருந்தால் என் மருந்து பாதிதான் செலவாகும். 60 கிலோ ஆளுக்கு அட்ரினலின் சேராமல் கிலோவுக்கு 4.5 மி.கி. கணக்கில் 270 மி.கி.; 1 சதவீதத்தில் 27 மி.லி. இதைப் பலகையில் எழுதி வைத்து, அவர் எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வாருங்கள். 2 சதவீதம் என்றால் பாதியிலேயே தீர்ந்துவிடும். நரம்பு வெளியேறும் ஓட்டைக்குப் பக்கத்தில் 2 சதவீதம் வேண்டவே வேண்டாம் என்று சர்ஜனிடம் முன்பே பேசிவிடுங்கள். வேரே மரத்துப்போனால் ஆள் விழித்திருந்தும் பயனில்லை. உதடு மரமரப்பு, காதில் இரைச்சல், நாக்கில் இரும்பு ருசி என்று ஆள் சொன்னால் லிக்னோகெய்ன் ரத்தத்தில் ஏறுகிறது, ஊசியை நிறுத்துங்கள். அதை முறிக்கும் 20 சதவீத லிப்பிட் (கொழுப்புத் திரவ) பாட்டில் தியேட்டரில் எங்கே இருக்கிறது என்று காலையிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். முதல் அளவு கிலோவுக்கு 1.5 மி.லி., 60 கிலோவுக்கு 90 மி.லி.

முதுகா, காலா?

வேலை தொடங்கிய பிறகு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். வலி முதுகில் என்றால் என் வேலை. வலி காலில் என்றால் சர்ஜன் வேலை.

முதுகில் அமுக்குகிறது, கடுக்கிறது, நெருடுகிறது என்றால் இன்னும் கொஞ்சம் லிக்னோகெய்ன், 20 மைக்ரோகிராம் ஃபென்டனில். எலும்பைச் செதுக்கும் ரீமர் உள்ளே போகும் கட்டம்தான் மிகவும் படுத்துவது. அதற்கு 3, 4 நிமிடம் முன்பே சர்ஜன் எனக்குச் சொல்ல வேண்டும். வலித்த பிறகு போட்டால் மருந்து ஏறும்போது ரீமர் வெளியே வந்திருக்கும், வெற்று மயக்கம்தான் மிஞ்சும். ரீமர் முடிந்து குழாய் நரம்பை நெருங்கும்போது பம்பைக் குறைத்துவிடுங்கள்.

காலில் பளீரென்று மின்னல் ஓடுகிறது, கரண்ட் அடிக்கிறது, வெட்டி இழுக்கிறது என்றால் மருந்து சிரிஞ்சைத் தொடாதீர்கள். "ஸ்டாப்" என்று சொல்லிவிட்டு, எங்கே என்று கேளுங்கள். முந்தின நாள் எழுதிய சீட்டு இங்கேதான் உதவும். எல்-4, எல்-5 கேஸில் பழைய வலி ஓடிய அதே கெண்டைக்கால் வெளிப்பக்கம் என்றால் உள்ளே போகும் எல்-5 வேரைத் தொடுகிறார்கள்; டிஸ்க் துண்டை இழுக்கும்போது கொஞ்சம் அப்படி வரும், மெதுவாகப் போகலாம். புதிதாகத் தொடை முன்பக்கம், முழங்கால், முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் என்றால் எல்-4 வேர் குழாயின் கீழ் நசுங்குகிறது. குழாயைப் பின்னுக்கு எடுத்து மட்டத்தை இறக்கியாக வேண்டும், அங்கே பேரம் கிடையாது.

வலி சொல்லாவிட்டாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை "கட்டை விரலை ஆட்டுங்கம்மா" என்று சொல்லுங்கள். துணிக்குக் கீழே பாதத்தைப் பார்க்க ஒரு நர்ஸை நிறுத்துங்கள். ஆள் ஆட்டுவதாக நினைப்பார், விரல் ஆடியிருக்காது.

நடுவில் சும்மா பேசிக்கொண்டிருங்கள். நான் பெரும்பாலும் வயல் பற்றித்தான் கேட்பேன்: எத்தனை மா, என்ன ரகம், வாய்க்காலில் தண்ணீர் வந்ததா. பதில் வரும் வேகமே என் மானிட்டர். முழு வாக்கியமாகப் பேசியவர் ஒற்றை வார்த்தைக்கு வந்தால் மருந்து ஏறுகிறது. வார்த்தை குழறினால் ஏறிவிட்டது.

பின்னங்கழுத்து

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியவில்லை. ஒரு தியேட்டரில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அம்மா ஒருவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், மாட்டுக் கன்றுக்குச் சீம்பால் கொடுத்த கதை. திடீரென்று "டாக்டரம்மா, பின்னங்கழுத்தப் புடிச்சு யாரோ அமுக்குற மாதிரி இருக்கு" என்றார். தலையணையை மாற்றலாம் என்று டெக்னீஷியன் கை நீட்டினார். நான் சலைன் பக்கம் பார்த்தேன். படம் தெளிவாக வர வேண்டும் என்று பையை ஸ்டாண்டின் உச்சிக்கு ஏற்றியிருந்தார்கள். உள்ளே போவது சொட்டச் சொட்ட இல்லை, ஓட்டமாக. வெளியே வரும் வழியில் டிஸ்க் துணுக்கு அடைத்து, கீழே வாளியில் தண்ணீர் விழும் சத்தமே நின்றிருந்தது. பையை இறக்கி, சலைனை மூடி, அடைப்பை எடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் "விட்டுடுச்சுங்க" என்று கன்றுக்குட்டிக் கதையைத் தொடர்ந்தார்.

எண்டோஸ்கோப்பியில் ஓடும் தண்ணீர் வெளியேறாமல் தங்கினால், நரம்புப் பையைச் சுற்றி அழுத்தம் ஏறி மேலே தலைவரை போகும். பின்னங்கழுத்து வலியும் தலைவலியும் அதன் முதல் அடையாளம். விட்டால் பிபி ஏறும், வலிப்பு வரைக்கும் போகும். ஆழ்ந்து தூங்கும் ஆளிடம் முதல் அடையாளம் கிடைக்காது. எனவே வாளியில் விழும் சத்தத்துக்கு ஒரு காதை ஒதுக்கி வையுங்கள். சலைன் பைகளை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொள்வதும் நல்லது. ஏசி அறையில் குளிர்ந்த சலைன் பை பையாக ஓடினால் ஒல்லி உடம்பு நடுங்கத் தொடங்கும், நடுங்கும் முதுகில் யாரும் வேலை செய்ய முடியாது.

ஆள் புரண்டால்

நெளிகிறார், முனகுகிறார் என்றதும் "மேடம், கொஞ்சம் ஆழமா போங்க" என்ற குரல் கேட்கும். அதற்கு உடனே பணியாதீர்கள். முதலில் அலையைப் பாருங்கள்: மூச்சு முட்டுகிற ஆளும் நெளிவார், அவருக்கு மிடாசோலம் விஷம். தாடையைத் தூக்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆழ்ந்து மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். மூச்சு சரி என்றால் மூத்திரமா என்று கேளுங்கள். பாதி நெளிச்சலுக்கு அதுதான் காரணம். அதனால்தான் காலையில் போய்வரச் சொன்னது. அடுத்தது தோள் கடுப்பு. கையை ஒருமுறை இறக்கி மடக்கி வைத்தால் போதும். அடுத்தது குளிர். இதெல்லாம் இல்லை, லிக்னோகெய்ன் எட்டாத இடத்தில்தான் வலி என்றால், சர்ஜன் நிறுத்தி இன்னும் கொஞ்சம் போட்டு, 2 நிமிடம் காத்திருக்கட்டும். நேரம் ஒன்றரை மணியைத் தாண்டினால் யாராக இருந்தாலும் பொறுமை போய்விடும். ஒரு மணி ஆனதும் சர்ஜனிடம் மணி சொல்லிவிடுவது என் வழக்கம். அவருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

எதற்கும் அடங்கவில்லை என்றால் குப்புறப் படுத்த ஆளை மருந்து மேல் மருந்தாகத் துரத்தாதீர்கள். குழாயை வெளியே எடுத்து, காயத்தை மூடி, ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கத் திருப்பி, முறையாக மயக்கம் கொடுத்து ட்யூப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். இருபது நிமிடம் நஷ்டம், அவ்வளவுதான். முன்பே இரண்டு வழிக்கும் ஒப்புதல் வாங்கியிருந்தால் வீட்டாரிடம் விளக்குவதும் எளிது. திடீரென்று மூச்சு நின்று திருப்ப நேரமில்லை என்றால் குப்புற இருக்கும்போதே எல்எம்ஏ போகும். தலை ஒரு பக்கம் இருப்பதால் நாக்கு முன்னால் விழுந்திருக்கும், கஷ்டமில்லை. அதற்காகத்தான் அது தலைமாட்டில் திறந்து கிடக்க வேண்டும்.

முடிந்த பிறகு

டிஸ்க் துண்டு வெளியே வந்ததும் பம்பை நிறுத்திவிடுங்கள். தையல் போட்டு முடிப்பதற்குள் தெளிந்துவிடுவார். மேஜையிலிருந்து இறக்கும் முன்பே கட்டை விரல், பாதம் இரண்டையும் தூக்கச் சொல்லி, முந்தின நாள் சீட்டோடு ஒப்பிட்டு எழுதுங்கள். துண்டை ஒரு குப்பியில் போட்டு அவரிடமே காட்டுவது எல்லா இடத்திலும் நடக்கும் சடங்கு. இருக்கட்டும், அவர் தெளிந்ததற்கும் அது சாட்சி.

வார்டில் முதல் தடவை எழுப்பும்போது இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடின் போட்டவர்களுக்கு எழுந்து நின்றதும் பிபி இறங்கித் தலை சுற்றும். கால் வலி போன சந்தோஷத்தில் தானே பாத்ரூமுக்கு நடந்துவிடுவார்கள். நலோக்சோனோ ஃப்ளூமசெனிலோ போட வேண்டி வந்திருந்தால் அதன் வேலை தீர்ந்ததும் பழைய மயக்கம் திரும்பும். குறைந்தது 2 மணி நேரம் பக்கத்தில் ஆள் வேண்டும்.

"சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிடலாமா?" என்று கேட்பார்கள். துணைக்குப் பெரியவர் ஒருவரும், பஸ் இல்லாமல் காரும், மயக்கம் தெளிந்ததை அளக்கும் ஆல்ட்ரெட் மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அனுப்பலாம். இல்லையென்றால் ராத்திரி இருக்கட்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. கடைசியில் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூடியிருக்கும்போதே பாகப்பிரிவினை பேசுகிற குடும்பங்கள் உண்டு.

கிளம்பும் முன் சிரிஞ்சில் மிச்சமிருக்கும் ஃபென்டனிலை ஸ்டாஃப் நர்ஸ் பார்க்கக் கொட்டி, எவ்வளவு போட்டது, எவ்வளவு கொட்டியது என்று பதிவேட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். காலி ஆம்பூலைத் தூக்கி எறியாமல் அங்கேயே ஒப்படையுங்கள்.